அரசியைக் கொன்று வந்த மன்னன்

அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவருக்கு, ஊர் ஊராகப் போய்க் கோட்டை, அரண்மனை பார்ப்பதில் கொள்ளை ஆசை. மனைவிக்கும்தான். ஆனால் அவள் அரண்மனையைப் பார்ப்பாள். இவர் வாசலில் மாட்டியிருக்கும் விவரப் பலகையைப் பார்ப்பார். ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் போதும், சட்டைப்பைப் பேனா தானாக வெளியே வந்துவிடும்.

போன ஊரில் அப்படி ஒரு 'ப்' சேர்க்கப்போய்க் காவலாளியிடம் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். கோட்டை பார்க்கப் போன இடத்தில் ரயிலைக் கோட்டை விட்டதுதான் மிச்சம்.

"இனிமே ஒரு போர்டுல கை வெச்சீங்க, அடுத்த ஊருக்கு நான் எங்க அண்ணன்கூடப் போய்க்கறேன். நீங்க வீட்ல உக்காந்து காலண்டரைத் திருத்துங்க" என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் அவருக்கு எந்த ஊரும் ருசிக்காது.

இந்த ஊர் அரண்மனையில் நல்ல பிள்ளையாகக் கையைப் பின்னால் கட்டியபடி நடந்தார். அரசியின் அறையில் வந்தது வினை. அங்கே பலகையில் இப்படி இருந்தது: 'மன்னன் தன் அரசியை அயல்நாட்டிலிருந்து கொன்று வந்து இவ்வறையில் குடியமர்த்தினான்.'

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வழிகாட்டியோ ஒரு கும்பலுக்கு நடுவே வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். "கொன்னுதாங்க எடுத்துட்டு வந்தாரு. இப்பவும் இங்க அழுகைச் சத்தம் கேக்கும்."

"செத்தவளை எதுக்குப்பா குடி வைக்கணும்?" என்றாள் மனைவி.

"போர்டுலயே போட்டிருக்கேம்மா!" என்று கும்பலை அடுத்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் முகம் சிவந்து கிடந்தது. "சொல்லித் தொலைங்க. கை மட்டும் வைக்காதீங்க."

"'கொண்டு வந்து'ம்மா! இங்க வந்தப்புறம் அவளுக்கு நாலு குழந்தை பொறந்துதுன்னு பக்கத்து ரூம்ல போட்டிருக்கே, பாக்கலையா?"

அவளுக்கு வந்ததே கோபம். "கட்டின பொண்டாட்டிய ஆசையாக் கூட்டிட்டு வந்த மனுஷன்! அவரைப் போய்க் கொலைகாரன்னு எழுதி வெச்சிருக்கானுங்களே, உருப்படுவானுங்களா?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். கைப்பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்து, 'று'வை அடித்து, அதன் தலைமேல் 'டு' என்று எழுதினாள். அவ்வளவுதான். 'ன்'னைத் தொடவில்லை.

'கொன்டு.'

'டு'வுக்கு முன்னால் மூன்று சுழி அல்லவா வர வேண்டும்! அவர் விரல்கள் சட்டைப்பையைத் தடவின.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள். முகமெல்லாம் பெருமை.

"ரொம்பச் சரி" என்றார். தெரிந்தே அவர் விட்ட முதல் பிழை அது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார், பாதி ஆசையில், பாதி தன் கையை நம்ப முடியாமல்.