கண் எரியாத பசை

பெம்பான் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் பலகைத் தொழிற்சாலையில், அச்சு திறக்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. மரத்தூளைப் பசையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் கிளம்பும் ஆவி அப்படி. வெங்காய மூட்டையே தோற்றுப்போகும். எனக்கு இப்போது மூச்சும் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

"புனிதா, ஒண்ணு அந்தப் பசை போகணும், இல்லன்னா நீங்க போகணும்," என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஏன் போக வேண்டும்? அச்சு வேலை எனக்குப் பிடித்த வேலை.

தவுக்கேயை நச்சரித்தேன். எங்கள் சீன முதலாளி லேசில் இறங்குகிறவர் அல்ல. சோயா மாவுப் பசையில் ஒரு பலகை அடித்துப் பார்க்கலாம், உடைந்தால் பழைய பசைதான், அதற்குமேல் பேசக்கூடாது என்றார்.

எங்கள் சோதனை எளிது. இரண்டு கட்டைகளின்மேல் பலகையை வைத்து, லோரி ஓட்டும் நிவேந்திரனை ஏறி நிற்கச் சொல்வோம். அவன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு இந்த உதவியாவது செய்யட்டுமே.

சோயா பலகை அவனைத் தாங்கியது. தவுக்கே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சு திறந்தபோது நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பாமல் நின்றிருந்தேன், கண் எரிந்தது. வெறும் மாவு எப்படிக் கண்ணை எரிக்கும்?

பசை கலக்கும் குஞ்சம்மா அக்கா என் கண்ணைப் பார்க்கவில்லை. தனியே அழைத்துப்போய்க் கேட்டேன்.

"பழைய பசையில ஒரு மங்கு எடுத்து ஊத்துனேன்டி. நெடி இல்லாத பசை எங்க ஒட்டும்? ஒடைஞ்சா நீ வேலைய விட்டுட்டுப் போயிடுவியே!"

"ஐயோ அக்கா! இப்ப ஒட்டுனது எதுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கும் ஊத்துவீங்களா? நான் மறுபடி அதையேதான் மூச்சிழுக்கணுமா?"

கத்திவிட்டேன். ஆனாலும், எனக்காக இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பேன். ஆனால் தவுக்கேயை ஏமாற்றலாம், என் நெஞ்சை ஏமாற்ற முடியாதே. கலக்கும் மெஷினைச் சரியாகக் கழுவவில்லை, பழைய பசை சேர்ந்துவிட்டது, இன்னொரு பலகை அடிக்க வேண்டும் என்று அவரிடம் மலாயில் சொன்னேன். அக்கா பெயரை எடுக்கவில்லை. இதுதான் கடைசி என்று தவுக்கே முறைத்தார்.

இந்த முறை அக்கா மெஷினுக்குள் கையை விட்டுத் தேய்த்துக் கழுவினார். சோயா பசையில் ஈரம் அதிகம் என்பதால், நான் அச்சை இன்னும் கொஞ்ச நேரம் சூட்டிலேயே மூடி வைத்திருந்தேன்.

அச்சு திறந்தது. அவித்த கடலை வாசம்தான் வந்தது. நிவேந்திரன் ஏறினான். பலகை முனகியது, வளைந்தது. அந்தத் தடியன் ஒரு குதி வேறு குதித்தான். பலகை உடையவில்லை.

அக்கா மட்டும் இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"தாங்குச்சாடி?"

"கண்ணத் தொறந்து நீங்களே பாருங்கக்கா. எரியாது."