என் சாத்துக்குடி, அவள் தண்ணீர்

அறுபத்துமூவர் உற்சவத்தன்று தெற்கு மாட வீதியில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் தாகத்துக்கு நிற்பது எங்கள் வாசலில்தான். போன வருஷம்வரை அப்படித்தான். இந்த வருஷம் பக்கத்து வீட்டு ஸ்ரீலக்ஷ்மியும் வாசலில் மேஜை போட்டுவிட்டாள். அதுவும் என்னைப் போலவே சாத்துக்குடி! ஊரில் வேறு பழமே கிடைக்கவில்லையா?

எட்டிப் பார்த்தேன். பிழிந்த சாற்றில் பாதிக்கு மேல் தண்ணீரை ஊற்றி, உப்பையும் போட்டுக் கலக்கினாள். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டுச் சாற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தது கிடையாது. சர்க்கரையிலும் கஞ்சத்தனம் கிடையாது. சாமியைச் சுமக்கிறவர்களிடமே ஏமாற்று வேலையா, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

முதல் பல்லக்கு வந்து நின்றது. வருஷா வருஷம் வருகிற கபாலி என்னிடம் வாங்கி இரண்டு மடக்குக் குடித்தான்.

“பங்கஜம் மாமி, சோக்கா கீது. ஆனா இந்த வெயில்ல எறங்க மாட்டேங்குது. நாக்கு ஒட்டிக்கிது. தண்ணி கீதா?”

நான் உள்ளே போய்த் தண்ணீரோடு வருவதற்குள் அவன் ஸ்ரீலக்ஷ்மியின் மேஜையில் நின்றான். மூன்று தம்ளர் குடித்துவிட்டு, “இதான்க்கா தாகத்துக்கு!” என்றான். அக்காவாம்! இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பானா? பின்னால் வந்த பல்லக்குக்காரர்களையும் அங்கேயே கைகாட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. அவளைச் சுற்றிக் கூட்டம், என் அண்டாவைச் சுற்றி ஈ.

“நாமளும் கொஞ்சம் தண்ணி விடலாமேடி” என்றார் என் வீட்டுக்காரர் அம்பி.

“அவளைப் பார்த்துக் காப்பி அடிக்கணுமா?” என்று அவர் வாயை அடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீலக்ஷ்மியே வந்தாள்.

“மாமி, எங்காத்துல தீர்ந்துடுத்து. பல்லக்கு இன்னும் வந்துண்டே இருக்கு. உங்களோடது அப்படியே இருக்கே, தாங்கோளேன். தண்ணி விட்டுக் குடுத்துடலாம்.”

“இந்தத் தண்ணி யோசனை உனக்கு யார் சொன்னா?”

“உங்களைப் பார்த்துதான் மாமி. போன வருஷம் உங்காத்து ஜூஸைக் குடிச்சவா எல்லாரும் எங்காத்துக் குழாய்லதான் வந்து தண்ணி குடிச்சா.”

குத்திக் காட்டவில்லை, வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

தர முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிழிந்து வைத்த சாத்துக்குடி கசக்க ஆரம்பித்துவிடும். எதிரே பல்லக்கின் கீழே நிற்கிறவர்களின் உதடுகள் காய்ந்து கிடந்தன. அம்பி அதற்குள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துவிட்டார். மறு காதை நான் பிடித்தேன்.

“அக்கா, உன் கைப்பக்குவமே தனிக்கா!” என்றான் அடுத்து வந்த பல்லக்குக்காரன் அவளிடம்.

“அது என் சாத்துக்குடி!” என்றேன். நாயனச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

“கார்த்தாலேர்ந்து நீங்க ஒண்ணுமே குடிக்கலையே மாமி” என்று ஸ்ரீலக்ஷ்மி ஒரு தம்ளரை என் கையில் திணித்தாள். கோபத்தில் ஒரே மூச்சில் குடித்தேன். பாழாய்ப்போனது, நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தம்ளர் வேண்டும் போலவும் இருந்தது.

என் சாத்துக்குடியை அவளிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது.