தறி 31: சொல்ல வேண்டாம்

அந்த அப்டேட்டை யாரும் கேட்கவில்லை. அதுவாக வந்தது, அதுவாகவே கம்ப்யூட்டருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காலையில் பிரவீனா வந்து திறந்தால் மேக்ரோ படுத்துக்கிடந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டு, அதை ஜக்காடு அட்டைகளாக அடித்துத் தரும் கடை அது. சேலையில் வர வேண்டிய மயிலும் மாங்காயும் முதலில் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம்போட்ட ஷீட்டில் வரும். எந்த அட்டையில் எங்கே ஓட்டை விழ வேண்டும் என்று அந்த ஷீட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்துத் தருவதுதான் மேக்ரோவின் வேலை. பட்டியல் பக்கத்து அறைக்குப் போனால், அப்துல் சத்தார் பாய் மெஷினில் உட்கார்ந்து அட்டை அடிப்பார். ஓட்டை இருக்கிற இடத்தில் தறியின் கொக்கி இழையைத் தூக்கும், பூ விழும்.

மேக்ரோவை எழுதியவர் கலீம். பத்தாவதோடு நின்றவர். இருபது வருடம் அட்டை அடித்துவிட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டவர். இப்போது அம்மாவை அழைத்துக்கொண்டு மக்காவுக்கு, உம்ரா செய்யப் போயிருந்தார். போன் போட்டால் கிடைக்கவில்லை. பிரவீனாவோ எம்.சி.ஏ. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், ஆனால் கலீமின் எழுத்தைப் பார்த்து உதட்டைச் சுழிக்க அவளுக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது. மேக்ரோ எழுதும் இடத்தில் தமிழ் அடித்தால் வெறும் கேள்விக்குறியாக வந்து விழும். அதனால் மனுஷன் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே எழுதிவைத்திருந்தார். கொக்கி, அட்டை, மயில் என்று. அறுபத்துநான்கு தறிக்கு அறுபத்துநான்கு பகுதி வேறு. ஒரே பகுதியில் முடிக்க வேண்டியதை இப்படியா இழுப்பார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு.

அன்றைக்கென்று பார்த்துத் தறி 31-க்கு அட்டை கொடுத்தாக வேண்டும். அது சிட்டிபாபுவின் தறி. முப்பது வருடமாக ஊரார் வீட்டுப் பெண்களின் கல்யாணத்துக்கு நெய்த சிட்டிபாபு, முதல்முறையாகத் தன் மகள் அனுவின் கல்யாணத்துக்கு நெய்துகொண்டிருந்தார். சேலையின் உடல் முடிந்துவிட்டது. முந்தி மட்டும் பாக்கி. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். முந்தியில் தப்பு விழுந்தால் பிரித்து நெய்ய நேரமும் இல்லை, பிரித்தால் பட்டும் தாங்காது.

"மதியானம் வரேம்மா. அட்டை ரெடியா இருக்கணும், ஆமா" என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

முதலில் சிவப்புப் பட்டை ஒன்று வந்து, இந்தக் கோப்பை நம்ப முடியாது என்றது. ஆறு வருடமாக வீட்டிலேயே கிடக்கிற பிள்ளையை நீ யார் என்று கேட்பது போல! கோப்பின் மேல் விழுந்திருந்த தடையைத் தேடி நீக்கினாள். மேக்ரோ ஓடத் தொடங்கி, தறி 31-இன் பகுதிக்குள் போனதும் நின்றது. ஒரு வரியில் ஒரு சொல்லைப் பிடித்து, நிறம் பூசிக் காட்டியது.

விநோதமான வரி. 213-ஆம் கொக்கி தூக்க வேண்டிய இடத்திலெல்லாம் 214-ஐத் தூக்கு என்றது. பக்கத்தில் கலீமின் குறிப்பு: "மயில் கழுத்து. தேங்காய் நன்றாக இருந்தது. சொல்ல வேண்டாம்."

"தேங்காயா? இதுல எங்கேர்ந்து தேங்காய் வந்துச்சு?" என்று வாய்விட்டே சிரித்தாள் பிரவீனா. இதுதான் கோளாறு என்று முடிவுகட்டி, வரிக்கு முன்னால் ஒரு ஒற்றைக்குறியைப் போட்டாள். அது போட்டால் வரி ஊமையாகிவிடும்.

மறுபடி ஓட்டினாள். கோளாறு அடுத்த வரிக்குத் தாவியது. அதையும் திருத்தினாள், அதற்கடுத்த வரிக்குத் தாவியது. ஒரு மணி நேரம் அலைக்கழித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: காட்டுகிற வரி எதுவும் தப்பு செய்யவில்லை. மேக்ரோ துணைக்கு வைத்துக்கொண்டிருந்த பழைய தொகுப்பு ஒன்றை அப்டேட் காணாமல் அடித்திருந்தது. அது இல்லாத பதற்றத்தில் மேக்ரோ கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தது. துணைத் தொகுப்புகளின் பட்டியலைத் திறந்தாள். 'காணவில்லை' என்று ஒன்று நின்றது. அந்த டிக்கை எடுத்தாள். மேக்ரோ சமர்த்தாக ஓடி முடித்தது.

திருத்திய வரிகளைப் பழையபடி ஆக்கினாள். தேங்காய் வரியை மட்டும் ஊமையாகவே விட்டுவைத்தாள். அது எதற்கு, குப்பை. பட்டியல் சத்தார் பாயிடம் போயிற்று, மெஷின் சத்தம் எழுந்தது, பிரவீனா நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடித்தாள்.

சிட்டிபாபு மதியம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மயிலு நல்லா வருமாம்மா?"

"ஏண்ணா, என்ன சந்தேகம்?"

"சந்தேகம்லாம் இல்லமா. ஆறு வருஷம் முன்ன என் தறில ஒரு பேஜாரு. மயிலு கழுத்துல ஒரு கோடு விழுந்துக்கினே இருந்துச்சு. எத்தினி சேலை! தறி மேல இருக்கிற ஜக்காட்டையே எறக்கணும், பத்து நாளு தறி சும்மா கெடக்கும்னாங்க. டீக்கடையில கலீம் பாய்கிட்ட சொல்லிப் பொலம்பனேன். அவரு வந்தாரு, ஏணி போட்டு மேல ஏறி ஏதோ எண்ணிக்கினு போய்ட்டாரு. நான் நேரா காமாட்சி அம்மன்கிட்ட போய் பதினோரு தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கினேன். அடுத்த சேலையில கோடு காணோம்! அம்மாவே வந்து எடுத்துட்டா. இங்க எல்லாருக்கும் கொண்டாந்து குடுத்தேனே, கலீம் பாய் கூட ரெண்டு துண்டு வாங்கித் தின்னாரு."

பிரவீனா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். மயில் கழுத்து. தேங்காய்.

"இதோ வரேண்ணா" என்று பக்கத்து அறைக்கு ஓடினாள். "பாய், நிறுத்துங்க! எத்தனை அடிச்சீங்க?"

"நாப்பது ஆச்சு. இன்னாம்மா ஆச்சு?"

"மயில் எப்ப வரும்?"

"அது நூறு தாண்டி வரும்."

அவளுக்கு மூச்சு வந்தது. திரும்பி வந்து அந்த ஒற்றைக்குறியை அழித்தாள். பட்டியலை மறுபடி எடுத்தாள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மயில் கழுத்தில் தொடங்கி வாலுக்குள் இறங்கும் வரை ஒரே நேராக ஓட்டைகள் நகர்ந்திருந்தன. செத்துப்போன ஒரு கொக்கிக்காகப் பக்கத்துக் கொக்கி ஆறு வருடமாக இழை தூக்கிக்கொண்டிருக்கிறது. தன் தறியில் அப்படி ஒன்று செத்துக்கிடக்கிறது என்று சிட்டிபாபுவுக்கே தெரியாது.

புதுப் பட்டியலைப் பாயிடம் கொடுத்துவிட்டு வந்து, மற்ற தறிகளின் பகுதிகளைத் திறந்தாள். இந்த முறை படிக்கத் திறந்தாள்.

"தறி 12. வலது ஓரம் ஒரு கொக்கி தள்ளிக் கட்டியிருக்கிறார். அவர் தாத்தா கட்டியது, மாற்றச் சொல்லாதே." "தறி 22. ஒழுகும் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் அட்டை." "தறி 40. செல்லியம்மாள். கண் ஆபரேஷன். அட்டை எண்ணைப் பெரிதாக அச்சிடு."

படிக்கப் படிக்க அவளுக்கு மயிர்க்கூச்செடுத்தது. அறுபத்துநான்கு வீடு ஏறி இறங்கி, அறுபத்துநான்கு ஏணியில் ஏறிக் கொக்கி எண்ணியிருக்கிறார் மனுஷன். இந்தத் தெருக்களில் எந்தத் தறிக்கு எங்கே வலி என்று தெரிந்த ஒரு மேக்ரோ. அது மூன்று மாதமாக அவள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்தா சிரித்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"இன்னாம்மா, மறுபடியும் தேங்கா ஒடைக்கட்டுமா?" என்றார் சிட்டிபாபு.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அம்மன் செய்யவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஒடைங்கண்ணா" என்றாள்.

ஒன்பதாம் நாள் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு சிட்டிபாபு வந்தார். முந்தியை விரித்தார். மயிலின் கழுத்து, ஒரு கோடு இல்லாமல், அரக்குப் பட்டில் ஜரிகையாக வளைந்து நின்றது. அவர் கண் கலங்கியிருந்தது. எல்லோருக்கும் தேங்காய் கொடுத்தார்.

அவர் போன பிறகு பிரவீனா தறி 31-ஐத் திறந்தாள். கலீமின் குறிப்புக்குக் கீழே, அவரைப் போலவே இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள்:

"நானும் சாப்பிட்டேன். சொல்லவில்லை."