துயிமாலு என்று மட்டும் எழுதினேன்

ஃபரானி வீட்டு முற்றத்தில், காலை ஏழு மணிக்கு, நானும் அப்பாவும் ஒரே தாழம்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். பாய் தலையை மூடியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. பவளக்கல் சில்லுகள் காலில் குத்தின. யாரோ கத்தியைக் கல்லில் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேங்காய் உரிப்பதற்காக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சமோவாவில் ரத்தம் சிந்தக் காரணமானவர்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடிபட்ட வீட்டார் பாயைத் தூக்கினால் மன்னித்துவிட்டார்கள். தூக்காவிட்டால் அவர்கள் என்ன செய்தாலும் ஊர் கேட்காது. எங்கள் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்துவதா என்று பேச மதியம் ஊர்ச்சபை கூடுகிறது. பாயைத் தூக்கிவிட்டால் அந்தப் பேச்சே வராது.

சிந்திய ரத்தம் ஃபரானியின் மனைவியுடையது. நெற்றியில் ஆறு தையல். கல்லை நான் எறியவில்லை. செய்தி எழுதினேன்.

பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று பிரேக் பிடிக்காமல் சரிவில் இறங்கி மரத்தில் மோதியது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கால் முறிந்தது. பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் மூன்று தடவை முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். "ஜெபம் பண்ணிட்டு ஓட்டு" என்றாராம் முதலாளி. ஓட்டுநர் இதை எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தான். முதலாளியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். வைத்துவிட்டார். அதையும் எழுதினேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். ஒரு செய்திக்கு என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதல் வரியில், யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'பேருந்தின் உரிமையாளர் துயிமாலு' என்று போட்டேன். துயிமாலு என்பது குடும்பத் தலைவருக்குச் சூட்டும் பட்டம். ஒரே பட்டத்தை இரண்டு மூன்று பேர் வைத்திருப்பது இங்கே சாதாரணம். துயிமாலு இப்போது இரண்டு பேர். ஆப்பியா நகரத்தில் இருக்கும் கெரிசியானோ ஒருவர், பேருந்து அவருடையது. எங்கள் ஊர் ஃபரானி இன்னொருவர். சின்னக் கடையும் தேவாலயப் பாட்டுக் குழுவும் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது.

"சொந்தப் பேரு எங்க?" என்று கேட்டார் பத்திரிகை ஆசிரியர் ஏலிசா அக்கா.

"எல்லாருக்கும் தெரியும்க்கா."

"எல்லாருக்கும் தெரியும்னா பேப்பர் எதுக்குடி?"

"பட்டம் உள்ளவங்கள வெறும் பேரு சொன்னா மரியாதை இல்லக்கா."

அச்சுக்குப் போகும் நேரம். அக்கா விட்டுவிட்டார்.

மரியாதை என்றது பொய். பயம். நகரத்தில் இருந்தாலும் எங்கள் ஊர்ச்சபையில் கெரிசியானோ அப்பாவுக்கு மேலே உட்காருகிறவர். பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் மறைவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

நேற்றுக் காலை பேப்பர் வந்தது. சாயங்காலம் பக்கத்து ஊர்த் தகப்பன்மார் கல்லோடு வந்தார்கள். எங்கள் ஊரில் 'துயிமாலு கடை' என்று பலகை மாட்டிய கடை ஒன்றுதான் இருக்கிறது.

"பேப்பர்காரியும் வந்திருக்காளா?" பாய்க்கு வெளியே ஃபரானியின் மூத்த மகன் மலாக்கியின் குரல். "காலேஜ்ல என்னத்தப் படிச்சு கிழிச்ச? ஒரு ஆளு பேர முழுசா எழுதத் துப்பில்ல."

யாரோ சிரித்தார்கள்.

"வாயத் தொறக்காத புள்ள," என்று முணுமுணுத்தார் அப்பா. "வேணும்னா அழு."

அழுகை வரவில்லை. மலாக்கி மீது கோபம்கூட வந்தது, அவன் சொன்னது சரி என்பதால். அப்பாவின் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. அவர் நடுங்குகிறார் என்று புரியச் சற்று நேரமானது. சுறா படகைச் சுற்றும்போதும் துடுப்பை விடாத மனிதர்.

தேவாலயத்தில் எட்டு மணி அடித்தது. கத்தி தேய்ப்பது நின்றது. காலடி நெருங்கியது. எனக்கு மூத்திரம் கொஞ்சம் கசிந்துவிட்டது.

பாயின் ஓரம் உயர்ந்தது. மலாக்கி இல்லை, ஃபரானி.

"நீங்க எந்திரிங்க," என்றார் அப்பாவிடம். என்னைப் பார்த்து, "நீ இரு. பஸ்ஸுக்காரன் பேரு என்ன?"

சுற்றிலும் பாதி ஊர் நின்றது. வேலிக்கு அப்பால் கெரிசியானோவின் தம்பி சிகரெட்டோடு நின்றான்.

"துயிமாலு," என்றேன்.

"நானுந்தான் துயிமாலு."

"துயிமாலு... கெரிசியானோ."

"காதுல விழல."

"கெரிசியானோ."

"இந்த ஒரு வார்த்தை இல்லாததாலதான் எம்பொண்டாட்டி ராத்திரி பூரா வலியில முனகுனா." அவர் பாயை முழுசாகத் தூக்கி மனைவியிடம் கொடுத்தார்.

அப்பா தரையைப் பார்த்தபடி அழுதார். வேலிக்கு அப்பால் நின்றவன் சிகரெட்டை மிதித்து அணைத்து, என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, காரில் ஏறிப் போனான்.

ஃபரானியின் கடையில் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாமேல் காகிதத்தை வைத்துத் திருத்தத்தை எழுதினேன். பிறகு அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உள்பக்கத்துல திருத்தம்னு பொடி எழுத்துல போடாதீங்கக்கா. நேத்து அந்தச் செய்தி எங்க வந்துச்சோ அங்கயே வரணும்."

"வாசி."

வாசித்தேன். பேருந்து துயிமாலு கெரிசியானோவுடையது. துயிமாலு ஃபரானிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெயரைக் குறையாக எழுதியது இந்த நிருபர். அதற்குக் கீழே என் முழுப் பெயர்.

"அவன் ஆளுங்க வருவாங்கடி."

"தெரியும்க்கா."

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: "நாளைக்கு கெரிசியானோ வீட்டு முன்னாடி யாரு போயி உக்கார்றது?"

"யாரும் வேணாம்ப்பா. எழுதினது உண்மை."

"உண்மைன்னா கல்லு வராதா?"

தூக்கிய பாய் தூக்கியவர் வீட்டுக்கே சொந்தம். எங்களிடம் இருந்தது அந்த ஒரு பாய்தான்.