மூன்று பேர் பாரம்

நான் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பேசுகிற ஆள். அதுதான் என் பிழைப்பு. சந்தைத் திருவிழாக்களில் மரணக் கிணற்றின் முன்மேடையில் நின்று, மைக்கில் கத்தி ஆள் சேர்ப்பவன் நான். ஆனால் ஒரு விஷயத்தில் சத்தியமாக ஒரு சொல்லும் கூட்டியதில்லை. என் மனைவி தோப்ரிலா அந்த மரச்சுவரில் பைக்கோடு சுற்றும்போது மூன்று பேர் எடை இருப்பாள்.

வேகம் அவளைச் சுவரோடு வைத்து அழுத்துகிற அழுத்தம் அது. கீழே பார்த்தால் ஒல்லிக்குச்சி, காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருக்கும். மேலே போய்க் கைப்பிடியை விட்டு இரண்டு கைகளையும் விரிப்பாள் பாருங்கள், அந்தக் கைகளும் அப்போது மூன்று மடங்கு கனம். இத்தனை வருடம் பார்த்தும் அந்த இடத்தில் எனக்கு வாயடைத்துப் போகும். வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது நல்லதல்ல.

அந்தப் பாரத்தால்தான் செயின் பார்ப்பது பெரிய வேலையாகிவிடுகிறது. அவள் மேலே ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் இடம் மாறும், செயின் இழுபடும். சும்மா நிற்கிற பைக்கில் சரியாகத் தொய்ந்திருக்கும் செயின் அங்கே விறைத்துப்போய் அறும். அறுந்தால் வேகம் போச்சு. வேகம் போனால் அவளைச் சுவரில் ஒட்டி வைக்க வேறொன்றும் இல்லை.

ஆகவே ஒவ்வோர் ஊரிலும் முதல் காட்சிக்கு முன்னால், பைக்கை மேடையில் நிறுத்தி, கைப்பிடியை மேடையின் இருபக்கக் கம்பங்களிலும் கயிற்றால் கட்டி, அவளை உட்கார வைத்து, அவள் பின்னால் கூட்டத்திலிருந்து இரண்டு தடியர்களை ஏற்றுவோம். மூவரும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். முழுப் பாரமும் இறங்கிய பிறகு நான் மண்டியிட்டு, செயினை விரலால் தூக்கிப் பார்த்து ஸ்பேனரைப் போடுவேன். ஜனங்களுக்கு அது வேடிக்கை, எங்களுக்கு அது உயிர்.

அந்தச் செப்டம்பரில் முதலாளி எங்களைத் தோப்ரிலாவின் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார். மாதா பிறந்த நாள் சந்தை. ஒன்பது வருடமாக அந்த ஊரைத் தவிர்த்து வந்தோம். அவள் என்னோடு ஓடிவந்த நாளிலிருந்து அவளுடைய அப்பா ஸ்ரெதோயே அவள் பேரைச் சொல்வதை விட்டுவிட்டார். எங்கள் நாட்டு வழக்கப்படி குடும்பப் புனிதரின் திருநாளுக்கு யாரையும் தனியாக அழைப்பதில்லை, வருகிறவர் தானாக வருவார், வீடு திறந்தே கிடக்கும். ஒரு வருடம் நாங்களும் போனோம். எங்களைப் பார்த்ததும் கேட்டைப் பூட்டினார். தோப்ரிலா பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் எழவில்லை.

அன்று பிற்பகல் நல்ல கூட்டம். பக்கத்துக் கூடாரத்தில் ஊதுகுழல்காரர்கள் உயிரை விட்டு ஊதிக்கொண்டிருந்தார்கள். கரியில் வாட்டும் இறைச்சிப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. இரண்டு தடியர்கள் வேண்டும் என்று கூவினேன். கசாப்புக்காரர் ஷிவான் சிரித்துக்கொண்டே ஏறினார். அடுத்தவருக்காகப் பார்த்தால் கூட்டம் தானாக விலகுகிறது. நீளக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக மாமனார் வருகிறார். ஊருக்கே கதை தெரியும்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கிணத்துக்காரா, உனக்குப் பாரம்தானே வேணும்? நான் அதுக்குத்தான் லாயக்குன்னு ஊரே சொல்லுது."

தோப்ரிலா திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் சிவந்தது. அவர் நடுவில் உட்கார்ந்தார். அவளைத் தொடாமல் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஷிவான் பின்னாலிருந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டு, இந்த வயதில் இப்படியொரு கல்யாணமா என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான் செயின் இருக்கும் இடப்பக்கம் மண்டியிட்டேன். விரலை வைத்தால் நிறையத் தொய்வு. இவ்வளவு கனத்துக்கு இவ்வளவு தொய்வா என்று ஒரு கணம் தோன்றியது. புதுச் செயின், நீண்டிருக்கும் என்று நினைத்து இழுத்து முடுக்கினேன். அவரிடம் ஏதாவது கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம் வேறு. கோட்டு மறைத்ததால் அந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் அவர் இறங்கி, மற்றவர்களோடு படியேறிக் கிணற்றின் விளிம்புக்குப் போனார். நானும் மேலே போய் மைக்கைப் பிடித்து வழக்கமானதைச் சொல்ல ஆரம்பித்தேன். கீழே தோப்ரிலா பைக்கைக் கிளப்பினாள். சுவருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள சாய்தளத்தில் வேகம் பிடிக்கச் சுற்றினாள். பலகைகள் அதிரத் தொடங்கின. அந்த அதிர்வு காலில் ஏறும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். மேலே இவள் மூன்று பேர் எடை, அதனால்தான் இரண்டு பெரியவர்களை ஏற்றிச் செயினைப் பார்த்தோம், பார்க்கும்போது அந்தப் பாரம் குறைந்திருந்தால் மேலே செயின் அறுந்துவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மாமனார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நிறுத்து. என் வலது கால் தரையிலதான் இருந்துச்சு."

வண்டியை நிறுத்தச் சொல்ல வைத்திருக்கும் சிவப்புத் துணியை வீசினேன். சுவரில் ஏறத் திரும்பியிருந்த முன்சக்கரம் கடைசி நொடியில் கீழே இறங்கியது. தோப்ரிலா வண்டியை நிறுத்திவிட்டு என்னவென்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள்.

மாமனார் என் மணிக்கட்டை விடவில்லை. அந்தக் கையில் மைக் இருந்ததை அவர் கவனிக்கவும் இல்லை. அவர் மகளிடம் ஒன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சைச் சந்தை முழுவதும் கேட்டது.

"ஊனிக்கிட்டுதான் இருந்தேன் தோப்ரிலா. ரெண்டு காலையும் தூக்கினா உன்னைப் பிடிச்சுக்கணுமே. அதான்."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"வாங்க. வந்து பிடிச்சுக்குங்க," என்றாள்.

பைக்கை மறுபடி மேடைக்கு ஏற்றினோம். கூட்டமும் பின்னாலேயே இறங்கி வந்தது. ஷிவானைத் தேடினால், வறுத்த பன்றிக்கறியை மென்றுகொண்டே வந்து, இப்போது எடை இன்னும் கூடியிருக்கிறது என்றார். இந்த முறை மாமனார் ஏறி உட்கார்ந்து, முதலில் தொப்பியை என்னிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் மகளின் இடுப்பைச் சுற்றிக் கோத்தார். அதன் பிறகுதான் இரண்டு கால்களும் தரையை விட்டன. ஸ்பிரிங் முனகிக்கொண்டு இறங்கியது.

செயினில் விரலை வைத்தேன். இம்மியளவும் தொய்வில்லை. வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இதை வைத்துக்கொண்டா அவளைச் சுவருக்கு அனுப்பப் பார்த்தேன். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, விரலுக்குத் தொய்வு வரும்வரை விட்டுப் பூட்டினேன். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. பூட்டிய நட்டையே திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். தோப்ரிலாவின் கை அவர் கைகளின் மேல் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

அப்புறம் அவள் சுவரில் ஏறினாள். கிணறு மொத்தமும் இரைந்தது. நேராக நிற்கும் பலகையில் அவள் படுக்கை வாட்டில் பறந்தாள். எங்கள் காலடிக்குச் சாண் தூரத்தில் வந்து போனாள். கைகளை விரித்தாள். ஆண்டவரே, எதன் மேல் நிற்கிறாள் அந்தப் பெண். நான் எப்போதும் செயினைத்தான் பார்ப்பேன், அன்று மாமனாரைப் பார்த்தேன். அவர் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. அவள் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அவர் உதடு மட்டும் அசைந்தது. காது கொடுத்துக் கேட்டேன். அவள் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து, அடுத்த கூட்டத்தைப் பிடிக்க நான் முன்மேடைக்கு ஓடினேன். செயின் ஒரு தடவை பார்த்தால் நாள் முழுக்கப் போதும், மறுபடி ஆள் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குக் காட்ட மேடையில் கட்டி வைத்திருந்த பைக்கில் மாமனார் தனியாக உட்கார்ந்திருந்தார், இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு.