தானே செய்தாள்

மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கார்டு மிஸ் அட்டைகளின் முனைகளைக் கத்தரியால் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். முனை கூராக இருந்தால் மணிக்கூண்டு என்கிற சிறுமி தொடமாட்டாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம்: கணக்குப் புத்தகம், தண்ணீர்க் குழாய், சாப்பாட்டு டப்பா. அன்றைக்கு நடக்கப்போகிற வரிசையில் அவற்றை மேசை ஓரத்துப் பட்டையில் ஒட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் மணிக்கூண்டு அதைப் பிய்த்து டப்பாவில் போடுவாள். போட்டால்தான் அடுத்தது. முதல் அட்டையில் கார்டு மிஸ்ஸின் படமே இருந்தது, பள்ளி வாசலில் நிற்கிற மாதிரி. அவள் கையைப் பிடித்து உள்ளே வந்தால்தான் அந்தப் பெண்ணுக்குப் பொழுது விடிந்த கணக்கு.

பள்ளி ஏட்டில் அவள் ஒப்பந்த உதவியாளர். கார்டு மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மணிக்கூண்டும் அப்படித்தான், ஒன்பது வயதில் கடிகாரம் பார்க்காமலே மணி சொல்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? வகுப்பாசிரியை நல்ல மனுஷி. நாற்பத்தொரு பிள்ளைகளோடு மல்லுக்கட்டினாலும், எழுத வராதவர்கள் சொல்லலாம், சொல்ல வராதவர்கள் வரைந்து காட்டலாம் என்று விட்டிருந்தாள். அதில் ஜன்னலோரத்து வாலு ஒருவனும் சத்தமில்லாமல் தேறிவிட்டான்.

போன வருஷம் இதெல்லாம் கிடையாது. மணிச் சத்தம் கேட்டதும் பெண் மேசைக்கடியில் புகுந்து அலறுவாள். பத்து மணிக்கெல்லாம் வந்து கூட்டிப்போகச் சொல்லி அம்மாவுக்கு ஃபோன் போகும். அப்படியே அம்மாவுக்கு இரண்டு வேலை போயிற்று. இப்போது ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள்.

கார்டு மிஸ் தினமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எட்டு வேலைகள், எதிரே இரண்டு கட்டங்கள்: ‘உதவியுடன் செய்தாள்’, ‘தானே செய்தாள்’. தொடக்கத்தில் எட்டு டிக்கும் முதல் கட்டத்தில்தான் விழுந்தன. பிறகு ஒவ்வொன்றாக அடுத்ததற்குத் தாவின. ஒவ்வொன்று தாவிய அன்றும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. எட்டாவதும் தாவிய வாரத்தில் கடிதம் வந்தது. ஆட்டிசம் உள்ள மாணவி இலக்குகளை எட்டிவிட்டதால் தனி உதவியாளர் தேவைப்படாது எனத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை நேரில் மதிப்பீடு செய்யப்படும்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. கார்டு மிஸ் அட்டைகளோடு வாசலுக்குப் போனபோது, அம்மா பெண்ணின் பை வாரைச் சரிசெய்தபடி நின்றாள்.

“ஏம்மா தங்கச்சி, அந்தப் பேப்பர்ல அவளுக்கு ஒண்ணும் வரலைன்னு எழுதியிருக்கக் கூடாதா?”

“வந்துச்சேக்கா. வந்ததை எப்படி வரலைன்னு எழுதறது?”

“உன் நேர்மை ரெண்டு பேர் வேலைக்கும் உலை வச்சிடுச்சு.” அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. “இன்னிக்கு ஒரு நாள் கார்டு வைக்காதே. அழட்டும். வந்தவர் பாத்துட்டுப் போகட்டும்.”

“அக்கா...”

“பெத்தவ சொல்றேன். வைக்காதே.”

கார்டு மிஸ் அட்டைகளைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மதிப்பீடு செய்ய வந்தவர் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மணிக்கூண்டு மேசைமுன் நின்றாள். வெறும் பட்டையின் மேல் விரலை ஓட்டினாள்.

“ஒம்பது நாலு,” என்றாள். மூச்சு வேகமாக வந்தது. “ஒம்பது அஞ்சு.”

அழுதுவிடு, அழுதுவிடு என்று கார்டு மிஸ் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“ஒம்பது ஏழு.”

பெண் நேராக வந்தாள். கார்டு மிஸ்ஸின் பையைத் திறந்து அட்டைகளை எடுத்தாள். கரும்பலகையில் இருந்த பாட வேளைகளைப் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். ஒன்றுகூட மாறவில்லை. முதல் அட்டையைப் பிய்த்து டப்பாவில் போட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள்.

“அடடா! யாரும் சொல்லாமயே செஞ்சிடுச்சே!” வந்தவர் மனசாரச் சிரித்தார். “எல்லாம் உங்க உழைப்புதாம்மா.” அவருடைய படிவத்தில் எட்டு டிக்கும் மளமளவென்று இரண்டாவது கட்டத்தில் விழுந்தன.

“சார், இவங்க கட்டாயம் வேணும்,” என்றாள் வகுப்பாசிரியை. “இந்தக் கார்டெல்லாம் யார் செய்வா? மணி அடிக்கப்போகுதுன்னு முன்னாடியே யார் சொல்லுவா? நாப்பத்தொரு பேரை வச்சுக்கிட்டு நான்...”

“அதுக்கு இந்தப் படிவத்துல இடமில்லையே மேடம்,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

மாலையில் அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று. சரி என்றாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வகுப்புக்குத் திரும்பினாள்.

மணிக்கூண்டு திங்கட்கிழமை அட்டைகளைப் பட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். கார்டு மிஸ் தன் படத்தை எடுத்துவிட்டு, முதலிடத்தில் ஒரு வெற்று அட்டையை ஒட்டினாள். பெண் அதைப் பிய்த்தாள். படத்தை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்து, நான்கு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“திங்கக்கிழமை மிஸ் வரமாட்டேன்டா.”

“முதல்ல கார்டு மிஸ். அப்புறம் கணக்கு.”

“ரெண்டு நிமிஷத்துல மணி அடிக்கும்,” என்றாள் கார்டு மிஸ். பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைய படிவம் பாக்கி இருந்தது. எட்டாவது வேலை: அட்டைகளை வரிசைப்படி ஒட்டுதல். கார்டு மிஸ் பட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள்.