மனுசிக்கு எழுதின பாட்டு

மண்டபத்துக் கதவுகளைச் சாத்தி, மின்விசிறிகளையும் நிறுத்திய பிறகுதான், இனி எழும்பிப் போக முடியாது என்பது ஜெயந்தாவுக்கு உறைத்தது. ஒலிப்பதிவில் இரைச்சல் விழக்கூடாதாம்.

போர்நிறுத்தத்தில் கொழும்புப் பாதை திறந்த மறுவருஷம், 2003. கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று அவள் புருஷன் ஜெகதீஸின் கச்சேரியைப் படம்பிடிக்க ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு ஒளிபரப்பு, பிறகு அதே கச்சேரி சீடியாகவும் வரும். பாட்டெழுதி, மெட்டுப்போட்டுப் பாடுவதெல்லாம் அவனே. வீட்டில் பல்பு மாற்றத்தான் வேறு ஆள் தேடவேண்டும்.

ஜெயந்தாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். ஜெகதீஸ் கிற்றாரைத் தடவிக்கொண்டு, "இது நான் என்ர மனுசிக்காக எழுதின பாட்டு" என்றான்.

பாட்டில் வந்தவளுக்குச் சுருட்டைத் தலை, இடது கன்னத்தில் மச்சம். ஜெயந்தாவின் தலைமயிரோ ஈர்க்குப்போல நேர். மச்சம் என்று சொல்ல முழங்கையில் ஒன்று உண்டு. சுருட்டையும் மச்சமுமாக இருந்த அன்ரனிட்டா கனடா போய் ஏழு வருஷம். ஜெகதீஸ் ஒருகாலம் அவள் பின்னால் திரிந்தது அவர்கள் ஊரான கரம்பொனில் கோழிக்கும் தெரியும். ஆகவே இரண்டாம் அடி வந்ததும், பூசையில் எழும்புவதுபோல, மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் அன்ரனிட்டாவின் தாய் மாக்கிறேற்றைப் பார்த்தது.

"கட்! ஏன் எல்லாரும் அந்தம்மாவைப் பாக்குறீங்க? மனைவி இங்க இருக்காங்க!" என்று கத்தினார் தயாரிப்பாளர்.

இரண்டாம் தரம் சனம் கடவுச்சீட்டுப் படத்துக்கு இருப்பதுபோல நேரே பார்த்தது. பின்வரிசையில் இருந்த குலசிங்கத்தார் அடக்கிய சிரிப்பு இருமலாக வெளியே வந்தது. மறுபடியும் கட்.

மூன்றாம் தரம் கமரா ஜெயந்தாவின் மூக்கடியில் வந்து நின்றது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தால் அழுகிறாள் என்பார்கள்; துடைக்காவிட்டாலும் அப்படித்தான் தெரியும்.

"என்ன பாசம்!" என்றார் தயாரிப்பாளர்.

பாட்டு முடிந்தும் கதவு திறக்கவில்லை. மைக் அவள் வாயடிக்கு வந்தது. "அண்ணன் இந்தப் பாட்டை முதல்முதல் எப்ப உங்களுக்குப் பாடிக்காட்டினார்?" என்று கேட்டார் தயாரிப்பாளர்.

பொய் சொன்னால் ஆயுளுக்கும் அந்த மச்சத்தைச் சுமக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், பாவம், மாக்கிறேற் கோயிலுக்கு வர ஏலாமல் போய்விடும். ஜெகதீஸ் முறுக்கத் தேவையில்லாத கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"இண்டைக்குத்தான்," என்றாள் ஜெயந்தா. "மூண்டு தரம்."

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. மாக்கிறேற்றும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்றும் விளங்காத தயாரிப்பாளர், "சிரிப்புச் சத்தம் விழுந்திடுச்சு அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

ஜெயந்தா புருஷன் பக்கம் திரும்பினாள். "இஞ்சேரும், அந்தக் கிற்றாரைக் கொஞ்சம் வையும். என்னைத் திருப்பிச் சொல்லட்டாம், நீரும் வடிவாக் கேளும்."